ஐந்தாவது சீட்டு

1991-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, மண்ணூர்க் கணக்குப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்குப் பெரியவர் தேவராஜன், வயது எழுபது, அவர் மனைவி பெருந்தேவி, மனைவியை இழந்து அண்ணன் வீட்டோடு இருந்துவிட்ட தம்பி பரசுராமன், ஸ்ரீபெரும்புதூரில் டீச்சராக இருக்கும் மகள் சௌந்தர்யா, ஐந்தாவதாக, வீட்டைச் சேராத ஒருவன், கட்சியின் பூத் ஏஜெண்ட் எல்லப்பன். வேறு யாரும் இல்லை. பின்னால் ஊரில் பலர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் யாரும் இருக்கவில்லை.

கணக்குப்பிள்ளை உத்தியோகத்தை அரசாங்கம் எடுத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை. முப்பது வருஷம் ஊர் நிலத்தையெல்லாம் தன் கையால் பதிந்தவர் தேவராஜன். அவர் எழுதியதை இதுவரை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அதனால்தானோ என்னவோ, உட்காரும்போதுகூட அவர் முதுகு நாற்காலியில் சாய்ந்ததில்லை.

கூடியது, சில நாளில் வரவிருந்த தேர்தலுக்கு ஓட்டுப் போடப் போவதைப் பற்றிப் பேச. அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஐம்பத்திரண்டில் நடந்த முதல் தேர்தலிலிருந்து மண்ணூர்ப் பள்ளிக்கூட பூத்தில் விழும் முதல் ஓட்டு கணக்குப்பிள்ளை வீட்டு ஓட்டு. விடியற்காலையில் தலைக்குக் குளித்து, பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல், வீடே ஒன்றாக நடந்து போகும். முன்னால் பெரியவர், பின்னால் மற்றவர்கள். அதன் பிறகுதான் ஊர். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. மற்றவர்கள் வாசலில் காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

"இன்னாத்துக்குய்யா நடக்கணும்? அம்மாவுக்கு முட்டி வலி கீதுன்றாங்க. காலைல ஏழு மணிக்கு வூட்டு வாசல்ல வேன் நிக்கும், ஏறிக் குந்துங்க" என்றான் எல்லப்பன்.

"கட்சி வண்டியில ஏறி இந்த வீட்டுப் பொம்பளைங்க ஓட்டுப் போடப் போனதில்ல" என்றார் தேவராஜன்.

"அப்ப நம்ம மாட்டு வண்டியக் கட்டச் சொல்றேன்."

பரசுராமன் சிரித்தார். "ரெட்டை மாடு ஒரு காலத்துல சின்னமா இருந்திச்சுடா எல்லப்பா. எங்கண்ணன் அதுலயும் ஏற மாட்டார்."

"சைக்கிள்?"

"அதுவும் எங்கேயோ ஒருத்தன் சின்னமா வச்சிருப்பான்."

சௌந்தர்யா வாயைப் பொத்திக்கொண்டாள். பெருந்தேவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண் எல்லப்பனின் சட்டைப்பையிலேயே இருந்தது.

ஐந்தரைக்குப் புறப்படுவது, பெருந்தேவிக்காக நடுவில் மாரியம்மன் கோயிலண்டை சற்று நிற்பது, சௌந்தர்யா ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கி வருவது என்று ஏற்பாடு முடிந்தது. எல்லப்பன் பையிலிருந்து சீட்டுகளை எடுத்தான். பெயரும் வரிசை எண்ணும் எழுதிய வெள்ளைத் தாள்கள். ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தான்.

"தேவராஜன். பெருந்தேவி. பரசுராமன். சௌந்தர்யா. நாலு. சரியா கீதா பாத்துக்குங்க. நான் கெளம்பறேன், சாயங்காலம் பெரிய மீட்டிங். டெல்லிலேர்ந்து தலைவரு வராரு, தலைக்கு மேல வேல."

"அஞ்சு வரணுமே" என்றாள் பெருந்தேவி.



ஐந்தாவது பெயர் விமல். மூத்த மகன். ஆறு வருஷத்துக்கு முன் படப்பையில் மெர்சி என்ற பெண்ணைச் சர்ச்சில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டான். மறுநாள் தேவராஜன் கிணற்றடியில் பன்னிரண்டு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, "முழுகியாச்சு" என்றார். அன்றிலிருந்து அந்தப் பெயரை வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. ஆனால் தேர்தல் வந்தால் சீட்டு வரும். எண்பத்தொன்பதில் இரண்டு தேர்தல், இரண்டு சீட்டு. அவற்றைப் பெருந்தேவி வரதராஜப் பெருமாள் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். தேவராஜனுக்கு அது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

"போன மாசம் கோயில்ல பாத்தேன் அவன" என்றாள் பெருந்தேவி, கணவரைப் பார்க்காமல். "நானும் உங்க கூட பள்ளிக்கூடம் வரைக்கும் வரேம்மா, வீட்டுக்குள்ள வரல, ரோட்டுல நிக்கிறேன்னான். வாடான்னேன். எங்க அந்தச் சீட்டு?"

எல்லப்பன் தலையைச் சொறிந்தான். அச்சடித்த வாக்காளர் பட்டியலை விரித்து, கடைசிப் பக்கத்துக்குப் போனான்.

"அம்மா, அந்தப் பேர எடுத்துட்டாங்கம்மா. நீக்கல் பட்டியல்ல கீது. போன வருஷம் கணக்கெடுக்க வந்தாங்களே, அப்ப."

"எதுக்கு எடுத்தாங்க? படப்பைக்கு மாத்திட்டாங்களா?"

அவன் விரலை வைத்த இடத்தைச் சௌந்தர்யா எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் ஓரடி பின்வாங்கினாள்.

"இன்னாடி போட்டிருக்கு?"

"இறப்புன்னும்மா."

பரசுராமன் எழுந்தே விட்டார். "எவன்டா எழுதினது? உயிரோட திரியறவன! நேத்து பெரும்புதூர்ல பாத்தேன், மீட்டிங் கிரவுண்டுல யாரோ சிநேகிதனோட டியூப் லைட்டு கட்டினு இருந்தான். சித்தப்பான்னு கையாட்டினான்!"

"எழுதறவன் அவனா எழுத மாட்டான் அண்ணாத்தே" என்றான் எல்லப்பன், குரலைத் தணித்து. "வூட்டுக்கு வந்து கேட்டுத்தான் எழுதுவான். வூட்டுப் பெரியவரு கையெழுத்து வாங்கினு போவான்."

பெருந்தேவி இப்போதுதான் கணவரைப் பார்த்தாள்.

தேவராஜனுக்கு அந்த நாள் நினைவிருந்தது. கணக்கெடுக்க வந்தவர் இளம் வாத்தியார். அந்த வாரம்தான் விமலுக்குப் பெண் குழந்தை பிறந்து ஞானஸ்நானமும் ஆயிற்று என்று யாரோ வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். "விமல்?" என்றார் வாத்தியார். "இல்லை" என்றார் இவர். "வெளியூரா ஐயா?" "எங்களுக்கு இல்லை. தலை முழுகியாச்சு." வாத்தியார் திகைத்தார். மேலே கேட்கப் பயந்தார். கணக்குப்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? பேனாவை எடுத்து ஒரு சொல் எழுதினார். அதைத் தேவராஜன் தலைகீழாகவே படித்தார். முப்பது வருஷம் மேஜைக்கு எதிர்ப்பக்கம் எழுதுவதைப் படித்துப் பழகிய கண் அது. படித்தார். கையெழுத்துப் போட்டார்.

"நீங்களா?" என்றாள் பெருந்தேவி.

அவர் பொய் சொல்லியிருக்கலாம். ஆபீசுத் தப்பு என்று சொன்னால் எல்லப்பன்கூட ஒத்துக்கொண்டிருப்பான். சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. முதுகு நிமிர்ந்தே இருந்தது. 

பெருந்தேவி தன் சீட்டை எடுத்து, மேஜையின் அந்தப் பக்கம் தள்ளினாள். "நான் வரல. உங்க முதல் ஓட்ட நீங்களே போட்டுக்குங்க."

"பெருந்தேவி."

"ஓட்டு கெடக்கட்டும். பெத்தவளுக்குத் தெரியாம புள்ளைய எழுதித் தள்ளிட்டீங்களே."

அவள் உள்ளே போனாள். எல்லப்பன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு மீட்டிங்குக்குப் போனான். ஏற்பாடு அத்துடன் கலைந்தது.

மறுநாள் பொழுது விடியும்போது எல்லப்பன் திரும்பி வந்தான். காலில் செருப்பு இல்லை. சட்டையில் ஒரு கை இல்லை. மேலெல்லாம் கரி. வாசற்படியில் உட்கார்ந்தான்.

"குண்டுய்யா" என்றான் கடைசியில். "தலைவரு போய்ட்டாரு. சுத்தி நின்னவங்க... இன்னான்னு சொல்லுவேன். நான் பந்தல் கம்பத்துக்கு அந்தாண்ட நின்னேன். அதான் கீறேன்."

சௌந்தர்யா ரேடியோவைத் திருகினாள். பேச்சு இல்லை, துக்க வாத்தியம். சாலையில் பஸ் இல்லை. தெருவில் ஒரு கடை திறக்கவில்லை. ஊர் முழுவதும் ஒரே வார்த்தைதான்: நம்ம ஊர் பக்கத்திலேயா? நம்ம பெரும்புதூரிலேயா?

பரசுராமன் எல்லப்பனின் தோளைப் பிடித்து உலுக்கினார். "விமல பாத்தியா? லைட்டு கட்டினானே?"

"ஏழு மணிக்குப் பாத்தேன். அப்பால பாக்கல. லைட்டுக்காரங்க மேடையண்ட தான் இருந்தாங்க அண்ணாத்தே."

அவன் சொன்னது அவ்வளவுதான். அது நான்கு வீடு தாண்டுவதற்குள், கணக்குப்பிள்ளை மகன் போய்விட்டான் என்று ஆயிற்று. எட்டு மணிக்குக் கிளியம்மாள் வந்தாள். அந்த வீட்டில் நெல் புடைத்து வளர்ந்தவள். விமலைத் தூக்கி வளர்த்தவள். தலைமயிரை அவிழ்த்துவிட்டு வாசலிலேயே விழுந்தாள். "எம் மவராசா, மண்ணுக்கா உன்னத் தூக்கி வளத்தேன்!" அவள் பின்னால் தெருவே நின்றது.

தேவராஜன் வாசலுக்கு வந்தார். ஏதோ சொல்ல வேண்டும் என்று எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். பெருந்தேவி கதவைப் பிடித்தபடி நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"நீங்க ஏன் வெளிறிப்போறீங்க?" என்றாள். "போன வருஷமே கையெழுத்துப் போட்டாச்சு. நேத்துதானே நடந்திருக்கு."

நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. அறைந்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அந்த வாத்தியார் எழுதிய சொல், தலைகீழாக, அவர் கண்முன் வந்து நின்றது. எழுதியது நடக்கும் என்று நம்புகிறவர் இல்லை அவர். ஆனால் அவர் எழுதிய எதுவும் இதுவரை நடக்காமல் போனதில்லை.

"பரசு, சைக்கிள எடு" என்றார்.

"அண்ணே, நீ சைக்கிள் பின்னாடியா?"

"எடுடா."

கணக்குப்பிள்ளை கேரியரில் உட்கார்ந்து ஊரைத் தாண்டியதை மண்ணூர் அன்றுதான் பார்த்தது. சாலையில் டயர்கள் எரிந்துகொண்டிருந்தன. ஸ்ரீபெரும்புதூரில் ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். ஒரு போலீஸ்காரர் மேஜை போட்டு, கையால் எழுதிய தாள்களுடன் உட்கார்ந்திருந்தார். இரவெல்லாம் தூங்காத முகம்.

"யாரைத் தேடறீங்க பெரியவரே?"

"விமல். தே. விமல்."

"அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

ஆறு வருஷமாக அந்தச் சொல் அவர் வாயில் வரவில்லை. போலீஸ்காரர் தலையை நிமிர்த்தி இன்னொரு முறை கேட்டார்.

"மகன்" என்றார் தேவராஜன். "என் மகன்."

தாளை அவர் பக்கம் திருப்பினார்கள். விரலை வைத்து, பழைய வழக்கப்படி ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு வரியும் தப்பவில்லை. முதல் தாள் முழுக்கக் காயம்பட்டவர்கள். இரண்டாவது தாளுக்கு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இரண்டிலும் விமல் இல்லை.

"பேர் தெரியாதவங்களும் இருக்காங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு" என்றார் போலீஸ்காரர், மெதுவாக. "முதல்ல அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்களேன். வந்திருக்கலாம்."

அவன் வீடு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பரசுராமனுக்குத் தெரிந்திருந்தது. ஒரகடம் வழியாகப் படப்பை. கத்திரி வெயில். ஏற்றம் வந்த இடமெல்லாம் கிழவர்கள் இருவரும் இறங்கித் தள்ளினார்கள். ஒரகடத்தில் மரத்தடியில் நிறுத்தி, "எத்தினி வாட்டி அங்க போயிருக்கே?" என்று தேவராஜன் கேட்டார். "தீபாவளிக்குத் தீபாவளி" என்றார் பரசுராமன். "கிறிஸ்மசுக்கும் உண்டு." தேவராஜன் தானே சைக்கிளைத் தள்ளத் தொடங்கினார்.

ஒரு வரிசை வீட்டில் கடைசி வீடு. வாசலில் மெர்சி நின்றிருந்தாள், இடுப்பில் ஒரு வயதுக் குழந்தையோடு. அவள் அம்மா ஞானம்மா உள்ளே முழங்காலில் ஜெபத்தில் இருந்தாள். வந்தவர் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதே நெற்றி, அதே மூக்கு. அவரைப் பார்த்ததும் மெர்சியின் முகம் இரத்தம் வற்றினதுபோல் ஆயிற்று.

"நீங்களே வந்துட்டீங்கன்னா..." என்றவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க மாமா. பாத்துட்டீங்களா அவர?"

அவளுக்கும் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. தன் முகமே அவளுக்குச் சாவுச் செய்தியாக இருக்கிறது என்பதும்.

"இல்லம்மா. லிஸ்டுல இல்ல" என்றார். "லிஸ்ட நானே படிச்சேன்."

"உள்ள வாங்க."

"அவன் வரட்டும்."

அவர் உட்காரவில்லை. வாசலிலேயே, வெயிலில், நேராக நின்றார். மெர்சி ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். அதைக் கையில் வாங்கினார். குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

பகல் ஒரு மணி இருக்கும். சாலைத் திருப்பத்தில் கம்பெனிச் சட்டை போட்ட ஒருவன் நொண்டி நொண்டி வந்தான். மெர்சி குழந்தையோடு ஓடினாள். பரசுராமன் சைக்கிளைக் கீழே போட்டார். தேவராஜன் கையிலிருந்த சொம்பு விழுந்து, தண்ணீர் அவர் காலை நனைத்தது.

"மாத்து ஆள் வரலன்னு சூப்பர்வைசர் ஆள் அனுப்பிட்டார் சித்தப்பா" என்றான் விமல். "ஏழரைக்கே கிரவுண்டுலேர்ந்து நைட் ஷிப்டுக்குப் போய்ட்டேன். விடிஞ்சப்புறம்தான் விஷயமே தெரிஞ்சுது. கம்பெனி பஸ் இல்ல, நடந்தே வரேன். கூட லைட்டு கட்டினவங்க எப்படிக் கீறாங்கன்னுகூடத் தெரியல." அதன் பிறகுதான் அவன் அப்பாவைப் பார்த்தான்.

தேவராஜன் கட்டிப்பிடிக்கவில்லை. அவருக்கு அது வராது. "உன் பேர அடிச்சது நான்தான்" என்றார்.

"தெரியும்ப்பா."

"தெரியுமா?"

"தாலுகா ஆபீசுல போய்ப் பாத்தேன். உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா? அம்மாகிட்ட சொல்லல."

"அப்புறம் ஏன்டா வரேன்னு சொன்னே? ஓட்டு இல்லன்னு தெரிஞ்சும்?"

"ஓட்டுப் போடவா வரேன்னேன்? கூட நடந்து வரேன்னுதான் சொன்னேன்."

தேவராஜன் தரையைப் பார்த்தார். சொம்பு உருண்டு கிடந்தது. குனிந்து எடுத்து மெர்சியிடம் கொடுத்தார். "இன்னும் கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார். இந்த முறை குடித்தார்.

தேர்தல் தள்ளிப்போய் ஜூன் மாதத்தில் நடந்தது. அதற்குள் தேவராஜன் தாலுகா ஆபீசுக்கு மூன்று முறை போய் மனு கொடுத்துவிட்டார். தேர்தல் முடிந்துதான் பெயரைச் சேர்க்க முடியும் என்றார்கள். ஆனால் மனு ஊர் வாயை மூடவில்லை. கிளியம்மாள் அழுத அழுகையை ஊர் பார்த்திருந்தது. பட்டியலிலும் அப்படித்தான் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். விமல் ஒரு நாள் வந்து தெருவில் நடந்தபோதுகூட, அவன் மெர்சியின் அண்ணனாம், விமலின் அதே சாடையாம், பெரியவர் மானத்துக்காக அவனைக் கூட்டி வந்து காட்டுகிறாராம் என்றார்கள்.

"அச்சுல வந்துட்டுதே, அதான்யா. நான் எவ்ளோ சொல்லியும் நம்ப மாட்டேன்றாங்க" என்றான் எல்லப்பன்.

தேர்தலன்று ஐந்தரை மணிக்கு வீடு புறப்பட்டது. முன்னால் தேவராஜன், பின்னால் பெருந்தேவி, பரசுராமன், நாற்காலியோடு சௌந்தர்யா, குழந்தையோடு மெர்சி, கடைசியில் விமல். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் விமலும் மெர்சியும் நின்றுகொண்டார்கள். ஊர் வழக்கம்போல ஒதுங்கி வழிவிட்டது. ஆனால் பார்வையெல்லாம் வேப்பமரத்தின் மேல்.

ஏழு மணிக்குக் கதவு திறந்தது. அதிகாரி, "வாங்க ஐயா" என்றார். மை வைக்கிறவர் தேவராஜனின் விரலுக்காகக் கையை நீட்டினார்.

தேவராஜன் விரலை நீட்டவில்லை.

"பொய்க்குக் கையெழுத்துப் போட்ட கை இது" என்றார். "அதைச் சொல்லிட்டு வந்துதான் இதுல மை."

"அதெல்லாம் இங்க முடியாதுங்க. ஓட்டுப் போடறதுன்னா போடுங்க. பின்னால ஆள் நிக்குது."

தேவராஜன் திரும்பிப் பார்த்தார். பெண்கள் வரிசையில் முன்னால் நாற்காலியில் பெருந்தேவி. அவளுக்கு அடுத்துக் கிளியம்மாள்.

"நீ போம்மா" என்றார் பெருந்தேவியிடம்.

"நீங்க போட்டப்புறம்தான் நான்."

"அப்ப நீ போ, கிளியம்மா."

"நானாய்யா? மொத ஓட்டா?" கிளியம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, நான் மாட்டேன்!"

"போம்மா. நேரமாகுது."

அவள் அழுதுகொண்டேதான் போனாள். ஐம்பத்திரண்டிலிருந்து முதல் முறையாக மண்ணூரின் முதல் ஓட்டு வேறொரு வீட்டு ஓட்டாக விழுந்தது.  எல்லப்பன் ஏஜெண்டுகள் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டான்.

தேவராஜன் வெளியே வந்தார். வரிசையின் கடைசி ஆள்வரைக்கும் தெரியும்படி, சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்றார். ஒரு காலத்தில் சாவடியில் நிலக் கணக்கு வாசித்த அதே குரலில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் சொன்னார்:

"என் மகன் விமல் போன மாசம் பெரும்புதூரில் சாகவில்லை. போன வருஷமும் சாகவில்லை. செத்துவிட்டான் என்று எழுதவிட்டுக் கையெழுத்துப் போட்டவன் நான். அது பொய். அந்த மரத்தடியில் நிற்கிறவன் அவன்தான்."